இடப்பக்கம் ஒரு கடை, வலப்பக்கம் ஒரு கடை

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் வந்துவிட்டால் மாமா இரண்டு பந்தியிலும் உட்காருவார். பெயருக்கு உட்கார்ந்து எழுவதில்லை. முதல் மண்டபத்தில் மோர்ச் சோறு வரைக்கும் சாப்பிட்டு, பீடா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அடுத்த மண்டபத்துக்குப் போய், அங்கேயும் சாம்பாரிலிருந்து தொடங்குவார். சாயங்காலம் வீட்டில் சோடா பாட்டிலோடு நெளிந்துகொண்டிருக்கும்போது என் அக்கா சொல்லும்: "உங்கள அனுப்பும்போதே ரெண்டு வயிறு வெச்சு அனுப்பியிருக்கணும். ஒண்ண மட்டும் வெச்சு இன்னாத்துக்கு அனுப்புனாங்களோ."

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வெள்ளிமலைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கள்ளக்குறிச்சியில். நானும் இதே ஊர்தான். கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அதனாலேயே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

முகதாட்சணியம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது மாமாவுக்கு ஒரு நோயைப் போல இருந்தது. எதிரே ஒரு முகம் வந்து நின்றுவிட்டால் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. முடி வெட்டிக்கொள்வது ஒரு சலூனில், சவரம் இன்னொரு சலூனில். முன்பு ஒரே கடையில் இருந்த இரண்டு பேர் பிரிந்து தனித்தனியாகக் கடை போட்டதிலிருந்து இந்த ஏற்பாடு. ஒருமுறை சவரம் செய்கிறவர், "இன்னா சார், பின்னாடி இப்டிக் கொதறி வெச்சிருக்கான்" என்று பிடரியில் கொஞ்சம் கத்தரி போட்டுவிட்டார். முடி வெட்டியவர் கண்ணில் அது பட்டுவிடுமே என்று, முடி வளரும் வரைக்கும் மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார். காது வலி என்று காரணம் சொன்னார். பார்த்தவர்கள் எல்லாம் கைவைத்தியம் சொன்னார்கள். மறுக்க முடியாமல் இரண்டு பேர் கொடுத்த எண்ணெயையும் காதில் விட்டுக்கொண்டார். அப்புறம் காது நிஜமாகவே வலித்தது.

போனை எடுத்தால் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "வந்துக்கினே இருக்கேன்." அப்போது அவர் இடுப்பில் துண்டோடு பல் விளக்கிக்கொண்டிருப்பார். யார் கூப்பிட்டார்கள், எங்கே கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கே உட்கார்ந்திருந்தாலும் இன்னொரு இடத்தில் தனக்காக யாரோ காத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அவரோடு உட்கார்ந்திருந்தால் நமக்கும் எழுந்து போகவேண்டும் போல இருக்கும்.

இதை வெறும் வேடிக்கையாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் கிணற்றுத் தகராறு வந்தது. பஞ்சாயத்தில் தன் பக்கம் பேசவேண்டும் என்று இருவரும் தனித்தனியாக மாமாவிடம் வந்து கேட்டார்கள். இருவருக்கும் சரி என்று சொன்னார். பேசும் நேரம் வந்தபோது, "ரெண்டு பேரு சொல்றதும் நாயந்தான்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அண்ணனும் அவரிடம் பேசவில்லை, தம்பியும் பேசவில்லை. மலையிலிருந்து இரண்டு பலாப்பழம் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாக வாசலில் வைத்துவிட்டு வந்தார். இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று அந்தப் பழங்களைத் தேட மலையில் ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறார்.

அவருடைய ஜீவன் மலையில்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வாரம் தவறாமல் அந்த வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போவார். காது குத்து, சாவு, சாமிக்குப் பொங்கல் வைப்பது எதுவாக இருந்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். வளைவுக்கு வளைவு யாராவது நிறுத்துவார்கள். இறங்கும்போது காரில் ஒரு மூட்டை சாமை, தேன் பாட்டில், கால் கட்டிய சேவல், பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டிய யாராவது ஒருவர் என்று எல்லாம் இருக்கும். கீழே அவர் முகத்தில் இருக்கும் பரபரப்பு மேலே போனால் கொஞ்சம் தணியும். அக்கா சொல்வது: "அந்தக் காரு இல்லன்னா இந்த மனுசன் ஒரு வாரத்துல படுத்துடுவாரு."

அந்தக் கோடையில் காரின் டயர்கள் நான்கும் மொட்டையாகிவிட்டன. வைகாசியில் மலையில் ஒரு கல்யாணம். சங்கத்தில் மாமாவோடு வேலை பார்த்தவருடைய மகள் கல்யாணம். பெண்ணை அவள் ஊரிலிருந்து கோயிலுக்கு நம்ம காரில்தான் அழைத்து வருவேன் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார்.

"மொட்ட டயர வெச்சிக்கினு என்ன மலைக்குக் கூப்டாதீங்க. அந்தப் பொண்ணையும் ஏத்தாதீங்க. வெயிலுக்கு வெடிச்சிதுன்னா தாலி ஏறதுக்கு முன்னாடியே கத முடிஞ்சிடும்" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

டயர் வாங்குவது மற்றவர்களுக்கு ஒரு காலை நேரத்து வேலை. மாமாவுக்கு அது பித்தாகிவிட்டது. காரணம், கச்சிராயபாளையம் சாலையில் எதிரெதிராக இருந்த இரண்டு கடைகள். வலப்பக்கம் பாய் கடை. மாமாவின் முதல் கார் காலத்திலிருந்து பஞ்சர் ஒட்டியவர். தியாகதுருகம் தாண்டி நடுவழியில் வண்டி நின்றபோது, நோன்பு வைத்த வயிற்றோடு ஸ்டெப்னி எடுத்துக்கொண்டு வந்தவர். இடப்பக்கம் என் மகனுடைய கடை. அந்தத் தை மாதம்தான் திறந்தது. திறந்த அன்று பாயே ஒரு தட்டு நிறைய லட்டோடு சாலையைத் தாண்டி வந்து, "எதிர்ல கட வந்தா எனக்கும் நல்லதுதான் தம்பி. டயர்னா இந்த ரோடுன்னு ஆயிடும்" என்று சொல்லி என் மகனைக் கட்டிக்கொண்டார். நான்தான் அன்றைக்குக்கூட மனதுக்குள் அவருடைய கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சித்திரை முழுக்க மாமா அந்த இரண்டு கடைகளுக்கும் நடுவில் அலைந்தார். வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. இந்தப் பக்கம் ஒரு டீ, அந்தப் பக்கம் ஒரு டீ. கடைசியில் ஒருநாள், இரண்டு கடையிலும் ஆளுக்கொரு டயரைக் கேட்டு வாங்கி, காரில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் கூடத்துச் சுவரில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். வீடு முழுக்க ரப்பர் வாசனை.

"மச்சான், நீ படிச்சவன். பாத்துச் சொல்லு. எது?"

"நான் பாடம் நடத்துனவன் மாமா. டயர் வியாபாரம் எனக்கு இன்னா தெரியும்?"

"உருள்றதெல்லாம் உங்க பாடந்தான்டா."

அவர் முதலில் தானே குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் ஒன்றை அழுத்தினார். பிறகு மற்றதை அழுத்தினார். திரும்பவும் முதலாவதை. நிமிர்ந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் மகன் கடை டயர் கெட்டியான ரப்பர். நகம் இறங்கவில்லை. கோடையில் கொதிக்கும் சமவெளிச் சாலையில் தேயாமல் வெகுநாள் ஓடும். பாய் கடை டயர் மிருது. நகம் பதிந்து மெல்ல மீண்டது. தண்ணீர் வழிந்து வெளியேற ஆழமான வாய்க்கால்கள் அதில் இருந்தன. சீக்கிரம் தேயும், ஆனால் நனைந்த சாலையைப் பிடிக்கும். சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் ஓடுகிறவனுக்கு முதலாவது. கோடை மழையில் மலை இறங்குகிறவனுக்கு இரண்டாவது. உராய்வைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதியவனுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரமும் ஆகவில்லை.

ஆனால் வாயைத் திறக்கும்போது என் கண்ணுக்குள் வந்தது மலைச்சாலை இல்லை. என் மகன் கடையில் வண்ணக் காகிதம் பிரிக்காமல் அடுக்கிவைத்திருந்த டயர்கள்தான் வந்தன. அவனுடையதே நல்லது என்று சொல்லத் துணிவில்லை. பாயுடையது நல்லது என்று சொல்ல மனமில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. ஒரு மாத அலைச்சலும் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது போல இருந்தது.

"அப்டின்னா பிரச்சனையே இல்ல! ரெண்டு அவன்கிட்ட, ரெண்டு இவருகிட்ட."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் என் மகன் கடையில் போய் நின்றுகொண்டு, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் அவனுடையது, வலப்பக்கம் இரண்டுக்கும் பாயுடையது என்றார். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என்று போடலாமே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது:

"பாய்து பின்னாடி போட்டா, இத்தினி வருசம் பழகிட்டு என்னப் பின்னாடி தள்ளிட்டான்னு அவரு நெனக்க மாட்டாரா? உன் பையன்து பின்னாடி போட்டா, புதுக் கட, மூஞ்சி சுருங்கிடும். பக்கத்துக்கு ஒண்ணுன்னா யாரும் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

என் மகன் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "மாமா, ஒரே அச்சுல ரெண்டு தினுசு போடக் கூடாது மாமா. பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

"ஒரு தினுசுதாண்டா. உங்கப்பாவே ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டாரு."

மகன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் கணக்கு சரியா என்று கேட்கும்போது அப்படித்தான் பார்ப்பான். இப்போது உண்மையைச் சொன்னால், அப்படியென்றால் எது நல்லது என்று அடுத்த கேள்வி வரும்.

"போட்டு வுட்றா. மாமா ஆசப்படறாரு" என்றேன்.

அவன் குனிந்தான்.

பிறகு கார் சாலையைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனது. பாய் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார் இது, ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூவு? நாலும் தம்பிகிட்டயே போட்டுக்கோங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"எங்க மச்சான் காலேஜ்ல இதத்தான் பாடம் நடத்துனவன். அவனே சொல்லிட்டான் பாய்."

பாய் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "புரபசர் சொன்னா சரிதான்" என்று அவரும் குனிந்தார்.

டயர் விவகாரம் அதோடும் முடியவில்லை. ஒருநாள் கோமுகி அணைவரைக்கும் அவரோடு போனேன். திரும்பும்போது நேர்ச்சாலையில் வராமல் ஏரிக்கரைப் பக்கமாக வண்டியைத் திருப்பினார். குண்டும் குழியுமான சுற்றுவழி.

"இது சுத்து மாமா."

"இந்தப் பக்கம் காத்து நல்லா வருது."

அனல் அடித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஊரை விட்டுப் போகும்போது காரின் இடப்பக்கம் என் மகன் கடையைப் பார்க்கும், வலப்பக்கம் பாய் கடையைப் பார்க்கும். இருவருக்கும் அவரவர் டயர் தெரியும். அதே சாலையில் திரும்பினால் மாறித் தெரியும். அதற்குத்தான் அந்தச் சுற்று. அக்காவிடம் சொன்னேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

கல்யாணத்தன்று மலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. கல்யாணப் பெண்ணும் அவள் அத்தையும் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் ஒவ்வொரு திருப்பத்திலும் என் தோளில் உரசியது. மாமா பாட்டு முணுமுணுத்தபடி ஓட்டினார். இப்போது சொல்லிவிடலாம், மெதுவாகப் போங்கள் என்றாவது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கோயில் வந்துவிட்டது. பெண் பத்திரமாக இறங்கினாள். நல்லவேளை என்று நினைத்தேன். அந்த நினைப்பே, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி.

சாப்பிட்டுக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடையின் முதல் மழை. புழுதியும் எண்ணெயும் கலந்து சாலை பளபளத்தது. அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் பின்னால், மடியருகே ஒரு பலாப்பழம். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஆடுகள் குறுக்கே வந்தன. மாமா பிரேக்கை மிதித்தார்.

வண்டி நேராக நிற்கவில்லை. வலப்பக்கம் சாலையைப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் வழுக்கிக்கொண்டே போனது. கார் வலப்பக்கமாகச் சுழன்று மலைச்சுவரில் மோதியது. இடப்பக்கம் பள்ளம். கதவு உள்ளே அமுங்கி மாமாவின் வலது முழங்காலை நசுக்கிவிட்டது. அக்காவுக்கு நெற்றியில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமே இல்லை. பலாப்பழம் பிளந்து காருக்குள் அந்த வாசனை நிறைந்தது. வலியில் முனகிக்கொண்டே மாமா கேட்டார்: "ஆடு ஏதாவது அடிபட்டுச்சா பாரு."

மழையைச் சொல்லலாம். ஆடுகளைச் சொல்லலாம். எழுபதைத் தாண்டிய ஒரு கால் பிரேக்கைக் கொஞ்சம் ஓங்கி மிதித்தது என்றும் சொல்லலாம். மாமா எல்லாரிடமும் அதைத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு என் மகன் வந்தான். கட்டிலருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாமா அவன் கையைப் பிடித்து, "உன் டயராலதாண்டா பொழச்சோம்" என்றார். அவன் வெளியே போய்ச் சுவரோரம் நின்று அழுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பாய், பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தார். "பாய், உங்க டயர்தான் புடிச்சி நிறுத்திச்சி. இல்லன்னா பள்ளத்துலதான் கெடந்திருப்போம்." பாய் மேலே கையை ஏந்தினார். இரண்டு தரமும் நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

முழங்கால் அதன் பிறகு மடங்கவில்லை. காரைப் பழுது பார்த்து விற்றுவிட்டார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸின் படி அவருக்கு ஏறவில்லை. முதலில் மலையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். சாமையும் தேனும் வந்தன. பிறகு அவரவர் வேலை அவரவருக்கு. ஆனால் போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. மாமா சன்னலோரம் நீட்டிய காலோடு உட்கார்ந்து, அதே நாற்காலி நுனியில், "வந்துக்கினே இருக்கேன்" என்பார். கேட்கும்போதெல்லாம் அக்கா சமையலறைக்குள் போய்விடும்.

ஒரு மத்தியானம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். வழியிலேயே வாக்கியங்களைச் சரிபார்த்துக்கொண்டேன்.

"மாமா, அந்த டயர் விசயம்..."

"உன் பையன் கட நல்லா போவுதா?"

"போவுது மாமா. அன்னிக்கி எங்க வூட்டுல வெச்சுப் பாத்தப்ப..."

அவர் தன் கைத்தடியைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்திருந்தார். அதன் நுனியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்தினார். எடுத்தார். நகம் பதிந்த தடம் மெல்ல மீண்டு மறைந்தது. திரும்பவும் அழுத்தினார். என் கூடத்தில், சுவரில் சாய்ந்திருந்த இரண்டு டயர்களையும் அவர் அப்படித்தான் அழுத்திப் பார்த்தார், என்னைக் கேட்பதற்கு முன்னால்.

"மாமா..."

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

போன் அடித்தது. வெள்ளிமலையிலிருந்து யாரோ. குரல் எனக்கே கேட்டது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் வைக்க நீங்கள் வந்தாகவேண்டும் என்று சொல்கிறார்கள். மாமா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கைத்தடியை நிமிர்த்தித் தரையில் ஊன்றினார்.

"வந்துக்கினே இருக்கேன்" என்றார். பிறகு, "ஆமா ஆமா, நம்ம கார்லதான். மச்சானும்தான் வரான். பக்கத்துலதான் இருக்கான்" என்று சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துக்கினே இருக்கோம்" என்றேன்.